மூன்று பேர் கல் எடுக்கும் ஆட்டத்தைக் கணக்கிடுவது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு

ஒரு குவியல் கற்கள். ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது ஒன்றோ இரண்டோ எடுக்கலாம். கடைசிக் கல்லை எடுப்பவர் வென்றார். இரண்டு பேர் ஆடினால் இதில் மர்மம் எதுவும் இல்லை: 3-இன் மடங்கு மீதமிருக்கும்போது யார் முறையோ அவர் தோற்பார்.

மூன்றாவதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால்? ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் நான் உட்கார்ந்தேன். கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆனது. அதில் இரண்டு வாரம், கூட்டல் கழித்தலில் இல்லாத ஒரு தவறைக் கூட்டல் கழித்தலில் தேடியதில் போனது. அந்த இரண்டு வாரம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு பேர் ஆட்டத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடத் தெரிந்தால் போதும். அது தெரியாவிட்டால் முதலில் ஒரு மாலையை அதற்குக் கொடுங்கள். கையில் இருக்க வேண்டியவை: கட்டம் போட்ட நோட்டு, இரண்டு நிற பேனா, பிற்பாடு ஏதாவது ஒரு நிரல்மொழி ஓடும் கணினி. பணச் செலவு எதுவும் இல்லை. செலவாவது நேரமும் கணினியின் நினைவகமும்தான். அவற்றுக்கான கணக்கு எட்டாம் படியில் இருக்கிறது.

1. விதித்தாளை எழுதுங்கள்

கணக்கைத் தொடாதீர்கள். முதலில் ஒரு தாளில் ஆட்டத்தின் விதிகளை எழுதுங்கள். எத்தனை பேர், எத்தனை குவியல், ஒரு முறைக்கு எத்தனை கற்கள் எடுக்கலாம், கடைசிக் கல்லை எடுத்தவருக்கு வெற்றியா தோல்வியா. இவ்வளவும் எல்லோரும் எழுதுவார்கள். விட்டுப்போவது மூன்று விஷயங்கள்.

முதலாவது, எப்போது ஆட்டம் முடிகிறது? 'கல் தீர்ந்ததும்' என்று எழுதினால் போதாது. 2 அல்லது 3 கற்கள் மட்டுமே எடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கல் மீதமிருந்தால் யாராலும் எடுக்க முடியாது, அதுவும் முடிவுநிலைதான். அட்டவணையில் 0, 1 இரண்டுக்கும் அதே மதிப்பைப் போட்டுத் தொடங்க வேண்டும். 0-க்கு மட்டும் போட்டுத் தொடங்கினால் கீழே வரும் எல்லா வரிகளும் சாய்ந்துவிடும், அது கண்ணுக்கும் தெரியாது. 'கடைசிக் கல்லை எடுத்தவர்' என்பதற்குப் பதில் 'கடைசியாக ஆடியவர்' என்று எழுதும் பழக்கம் வந்தால் இந்தச் சிக்கலே வராது.

இரண்டாவது, ஒரே ஒருவர்தான் வெல்கிறாரா, அல்லது இரண்டாம் இடம், மூன்றாம் இடம் உண்டா? இரண்டு பேர் ஆட்டத்தில் இந்தக் கேள்வியே எழாது. இங்கே எல்லாமே இதில்தான் தொங்குகிறது.

மூன்றாவது, ஆடுபவர்கள் பேசி வைத்துக்கொள்ளலாமா? கூடாது என்று நீங்கள் சொன்னாலும், இரண்டு பேர் சேர்ந்தால் மூன்றாமவர் தாங்குவாரா என்பதைத் தனியாகக் கணக்கிட வேண்டிவரும். அதனால் பதிலை இப்போதே எழுதி வையுங்கள்.

கடைசிக் கல்லை எடுப்பவர் தோற்பார் என்ற தலைகீழ் ஆட்டத்தை முதல் முயற்சியாக எடுக்காதீர்கள். தோற்பவர் ஒருவர், தப்பிப்பவர்கள் இருவர் என்று வைத்தால் 3 கற்களிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஆடுபவர் 1 எடுத்தால் மூன்றாமவர் தோற்பார், 2 எடுத்தால் அடுத்தவர் தோற்பார், ஆடுபவர் எப்படியும் தப்பிவிடுவார். அப்புறம் அவர் எதை எடுப்பார்? விதித்தாளில் பதில் இருக்காது.

2. வெல்ல முடியாதவர் என்ன செய்வார் என்று முடிவெடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒன்றோ இரண்டோ எடுக்கும் ஆட்டத்தில் 4 கற்கள் மீதம். முதல் ஆளின் முறை. அவர் 2 எடுத்தால் மீதி 2. இரண்டாம் ஆள் இரண்டையும் எடுத்து வெல்வார். முதல் ஆள் 1 எடுத்தால் மீதி 3; இரண்டாம் ஆள் எதை எடுத்தாலும் மிச்சத்தை மூன்றாம் ஆள் வாரிக்கொள்வார். முதல் ஆளுக்கு எந்த வழியிலும் வெற்றி இல்லை. ஆனால் யார் வெல்வது என்பது முழுக்க அவர் கையில்.

'எல்லோரும் புத்திசாலித்தனமாக ஆடுகிறார்கள்' என்ற ஒரு வாக்கியம் இரண்டு பேர் ஆட்டத்துக்குப் போதும். இங்கே போதாது, ஏனென்றால் முதல் ஆளுக்கு இரண்டு வழிகளும் ஒன்றுதான். புத்திசாலித்தனம் அவருக்கு எதையும் சொல்லித் தராது. நீங்கள்தான் ஒரு விதியைச் சேர்க்க வேண்டும். புழக்கத்தில் இருப்பவை இவை:

இட வரிசை. கடைசியாக ஆடியவர் முதல் இடம், அவருக்கு முன் ஆடியவர் இரண்டாம் இடம், அடுத்து ஆட வேண்டியவராக இருந்து ஆட முடியாமல் நிற்பவர் கடைசி இடம். ஒவ்வொருவரும் தமக்கு முடிந்த அளவு மேலான இடத்தைத் தேடுவார். 1978-இல் லி என்பவர் பல பேர் ஆடும் நிம் ஆட்டத்துக்கு (பல குவியல்களிலிருந்து கல் எடுக்கும் ஆட்டம், ஏழாம் படியில் வருகிறது) விடை கண்டது இப்படிப்பட்ட வரிசையை வைத்துத்தான். இருப்பதிலேயே அழகான கணிதம் இதில்தான் வருகிறது.

திருப்பிய வரிசை. தனக்கு வெற்றி இல்லையென்றால், தனக்குச் சற்று முன் ஆடியவர் வெல்லட்டும், அடுத்து ஆடப்போகிறவர் வேண்டாம்.

நாணயம் சுண்டுதல். வழிகள் சமமாக இருந்தால் சம வாய்ப்பில் ஒன்றைத் தேர்வார். விடை நிகழ்தகவாக வரும்.

எதையும் அனுமானிக்காமல் இருப்பது. மற்ற இருவரும் சேர்ந்து எதிர்த்தாலும் ஒருவர் வெல்ல முடியுமா என்று மட்டும் பார்ப்பது. கணிதவியலாளர் ஜேம்ஸ் ப்ராப் 2000-இல் மூன்று பேர் ஆட்டங்களை இந்த வழியில் வகைப்படுத்தினார்.

பழிவாங்கும் விதியும் உண்டு: என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் யாரோ அவர் வெல்லக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு மீதிக் கற்களின் எண்ணிக்கை மட்டும் போதாது, யார் என்ன செய்தார் என்ற வரலாறும் அட்டவணைக்குள் வர வேண்டும். முதல்முறை இதைத் தொட வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் அதை விதித்தாளில், தேதி போட்டு எழுதுங்கள். நடுவில் மாற்றினால் புதுத் தாள், புது அட்டவணை.

3. முதல் பத்து வரிகளைக் கையால் போடுங்கள்

கணினியைத் திறக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். இந்தப் பத்து வரிகளுக்கு அரை மணி நேரம் ஆகும், பிற்பாடு நிரல் சரியா என்று பார்க்க உங்களிடம் இருக்கும் ஒரே அளவுகோல் அதுதான்.

ஆட்களுக்குப் பெயர் வைக்காதீர்கள். முறை மாறிக்கொண்டே இருப்பதால் பெயர்கள் குழப்பும். பதிலாக, 'இப்போது ஆட வேண்டியவரிலிருந்து எண்ணினால் கடைசியாக ஆடப்போகிறவர் எத்தனையாவது?' என்று எழுதுங்கள். 0 என்றால் ஆடுபவரே. 1 என்றால் அடுத்தவர். 2 என்றால் அதற்கும் அடுத்தவர், அதாவது சற்று முன் ஆடி முடித்தவர். இதைத் தொலைவு எண் என்று வைத்துக்கொள்வோம்.

கல்லே இல்லாத நிலையின் தொலைவு எண் 2, ஏனென்றால் சற்று முன் ஆடியவர்தான் வென்றவர். மற்ற நிலைகளுக்கு: ஒவ்வொரு வழியாகவும் போய்ப் பாருங்கள், போய்ச் சேரும் நிலையின் எண்ணோடு 1 கூட்டுங்கள், 3 வந்தால் 0 என்று எழுதுங்கள். அப்படிக் கிடைக்கும் எண்களில் ஆடுபவர் விரும்பும் எண்தான் அந்த நிலைக்கு.

இட வரிசையில் ஆடுபவர் 0-ஐ விரும்புவார், அது இல்லையென்றால் 1, அதுவும் இல்லையென்றால் 2. அப்போது 1 கல்லிலிருந்து வரும் எண்கள்:

0, 0, 1, 1, 2, 0, 0, 1, 1, 2 …

ஐந்துக்கு ஒருமுறை திரும்புகிறது. திருப்பிய வரிசையில் விருப்பம் 0, 2, 1 என்று போகும். அப்போது:

0, 0, 1, 2, 0, 0, 1, 2, 0, 0 …

நான்குக்கு ஒருமுறை.

5 கற்களைப் பாருங்கள். நான் அங்கேதான் நின்றுபோனேன். இட வரிசையில் ஆடுபவர் கடைசி இடத்துக்குத் தள்ளப்படுகிறார். திருப்பிய வரிசையில் அவரே வெல்கிறார். முதல் ஆளின் விருப்பத்தில் வெற்றி எப்போதும் முதலிடத்தில்தான் இருக்கிறது, அது மாறவே இல்லை. மாறியது, தோற்கும்போது என்ன செய்வார்கள் என்பது மட்டும். அது மாறியதும் வெற்றியே கைமாறிவிட்டது. முதல் ஆள் 1 எடுத்து 4 வைக்கிறார். இரண்டாம் ஆளால் வெல்ல முடியாது. அவர் யார் பக்கம் சாய்கிறார் என்பதில்தான் முதல் ஆளின் வெற்றி இருக்கிறது. நாணயம் சுண்டினால் இதே 5 கற்களில் முதல் ஆளுக்கும் மூன்றாம் ஆளுக்கும் சரிபாதி வாய்ப்பு, இரண்டாம் ஆளுக்கு எதுவுமில்லை.

ஒரே ஆட்டம், ஒரே 5 கற்கள், மூன்று விடைகள். மூன்றும் சரி. 'மூன்று பேர் ஆடினால் யார் வெல்வார்?' என்று யாராவது கேட்டால் நான் இப்போதெல்லாம் முதலில் 'தோற்பவர் என்ன செய்வார்?' என்றுதான் திருப்பிக் கேட்கிறேன்.

4. உறுதியான நிலைகளையும் திறந்த நிலைகளையும் பிரியுங்கள்

இன்னொரு நிறப் பேனாவை எடுங்கள். இப்போது எந்த அனுமானமும் இல்லாத அட்டவணை. ஒவ்வொரு நிலைக்கும் நான்கு பெயர்களில் ஒன்று ('முந்தியவர்' என்றால் சற்று முன் ஆடி முடித்தவர்):

ஏதாவது ஒரு வழி 'முந்தியவர் உறுதி' நிலைக்குப் போனால், இது 'ஆடுபவர் உறுதி'.
எல்லா வழிகளும் 'ஆடுபவர் உறுதி' நிலைகளுக்கே போனால், இது 'அடுத்தவர் உறுதி'.
எல்லா வழிகளும் 'அடுத்தவர் உறுதி' நிலைகளுக்கே போனால், இது 'முந்தியவர் உறுதி'. முடிவுநிலையும் இந்த வகையே.
எதுவும் பொருந்தாவிட்டால் 'திறந்த நிலை'.

'உறுதி' என்றால், மற்ற இருவரும் கூட்டுச் சேர்ந்தாலும் அவர் வெல்வார் என்று பொருள். ஒரு நுணுக்கம்: முடிவுநிலையில் வழியே இல்லாததால் 'எல்லா வழிகளும்' என்ற சோதனை இரண்டு வரிகளுக்கும் பொருந்துவதுபோலத் தோன்றும். அதைத் தனியாகக் கையாளுங்கள். நிரலில் இதை மறந்தால் முதல் வரியே கெட்டுவிடும்.

நம் ஆட்டத்தில் 0 முந்தியவர் உறுதி, 1-உம் 2-உம் ஆடுபவர் உறுதி, 3 அடுத்தவர் உறுதி. 4 திறந்தது. அதற்குப் பிறகு எல்லாமே திறந்ததுதான், எவ்வளவு தூரம் போனாலும். காரணம் சின்னது. இன்னொரு 'முந்தியவர் உறுதி' பிறக்க வேண்டுமென்றால் அடுத்தடுத்து இரண்டு 'அடுத்தவர் உறுதி' வேண்டும். நம்மிடம் இருப்பது 3 மட்டும். அது பிறக்காமல் புதிதாக 'ஆடுபவர் உறுதி' வராது. அது வராமல் இன்னொரு 'அடுத்தவர் உறுதி'யும் வராது.

இதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். இது தோல்வி அல்ல, விடை. 4 கற்களோ அதற்கு மேலோ இருந்தால் எவராலும் தனியாக எதையும் உறுதி செய்ய முடியாது என்பது ஒரு தேற்றம். அடுத்த இரண்டு படிகளில் உங்களுக்குக் கிடைப்பதெல்லாம் இரண்டாம் படியில் நீங்கள் சேர்த்த அனுமானம் கொடுத்தது என்பதை இந்த அட்டவணை நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

5. நிரல் எழுதும்போது: சமநிலைப் பொறி

என் இரண்டு வாரம் போன இடம் இதுதான்.

நான் இரண்டு நிரல்கள் எழுதியிருந்தேன், ஒன்று மற்றதைச் சரிபார்க்கட்டும் என்று. இரண்டிலும் ஒரே விதி: வெற்றி கிடைக்கும் வழி இருந்தால் அதை எடு, இல்லையென்றால் ஏதாவது ஒன்றை எடு. ஒன்று சுழற்சி 4 என்றது, மற்றது 5 என்றது. ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கூட்டலைச் சோதித்தேன், மீதி எடுப்பதைச் சோதித்தேன். எதிலும் பிழை இல்லை.

கடைசியில் தெரிந்தது: ஒரு நிரல் 1 கல், 2 கல் என்ற வரிசையில் வழிகளைப் பார்த்தது, மற்றது 2, 1 என்ற வரிசையில். இரண்டு வழிகள் சமமாக இருந்தால் நிரல் முதலில் கண்டதை வைத்துக்கொள்ளும். 4 கற்களில் அந்தச் சமநிலை வருகிறது. சிறியதிலிருந்து பார்த்த நிரல் 1 எடுத்தது, எனக்குத் தெரியாமலேயே திருப்பிய வரிசையைக் கடைப்பிடித்தது. பெரியதிலிருந்து பார்த்த நிரல் 2 எடுத்தது, இட வரிசையாக மாறியது. 'ஏதாவது ஒன்று' என்று நான் எழுதிய இடத்தில் கணினி ஒரு விதியைத் தானாகப் போட்டுக்கொண்டது.

அதனால், நிரலில் மூன்று விஷயங்களைக் கட்டாயம் செய்யுங்கள். விருப்ப வரிசையை ஒரு பட்டியலாக மேலேயே எழுதுங்கள்: 0, 1, 2 அல்லது 0, 2, 1. சமநிலை வந்தால் அந்த இடத்தை அச்சிடச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்ததும் வழிகளைப் பார்க்கும் வரிசையைத் திருப்பிப் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். விடை ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. மாறினால் எங்கோ எழுதப்படாத அனுமானம் ஒளிந்திருக்கிறது.

நாணயம் சுண்டும் விதிக்கு இன்னொரு எச்சரிக்கை. தசம எண்களில் கணக்கிடாதீர்கள், பின்னமாகவே வைத்திருங்கள். இரண்டே வழிகள் உள்ள ஆட்டத்தில் அரை, கால் என்றுதான் வரும், தசமமும் தாங்கும். மூன்று வழிகள் வந்தால் மூன்றில் ஒரு பங்கு வரும். தசமத்தில் அது துல்லியமாக நிற்காது. உண்மையில் சமமான இரண்டு வாய்ப்புகளைக் கணினி வேறு வேறு என்று எடுத்துக்கொள்ளும், நாணயம் சுண்ட வேண்டிய இடத்தில் சுண்டாது. சரிபார்க்க: ஒன்று அல்லது இரண்டு எடுக்கும் ஆட்டத்தில் 6 கற்களில் ஆடுபவருக்கு அரை, மற்ற இருவருக்கும் கால் கால் வர வேண்டும். 7-இல் ஆடுபவருக்கும் அடுத்தவருக்கும் அரை அரை. 8-இல் கால், அரை, கால்.

தன்னைத்தானே அழைக்கும் நிரலாக எழுதுவது படிக்க அழகாக இருக்கும். ஆனால் பைத்தான் நிரல்மொழியில் அப்படிப்பட்ட அழைப்புகள் இயல்பாக 1000 ஆழத்தோடு நின்றுவிடும். 0-விலிருந்து மேல்நோக்கி அட்டவணையை நிரப்பிக்கொண்டே போங்கள்.

6. சுழற்சியைக் கண்டால் நிறுவுங்கள்

பத்து வரி திரும்பி வந்தது என்பதால் அது என்றென்றும் திரும்பும் என்று எழுதிவிடக் கூடாது. ஆனால் இங்கே நிறுவுவது எளிது. ஒரு நிலையின் எண் அதற்கு முந்தைய சில நிலைகளை மட்டுமே சார்ந்தது. ஒரு முறைக்கு அதிகபட்சம் எத்தனை கல் எடுக்கலாமோ அத்தனை நிலைகள். அத்தனை எண்கள் அதே வரிசையில் மறுபடியும் வந்துவிட்டால், அதன்பின் எல்லாம் கட்டாயமாகத் திரும்பும். எண்கள் மூன்றே வகை என்பதால் எப்போதாவது திரும்பியே ஆக வேண்டும். நிகழ்தகவு அட்டவணைக்கு இந்த வாதம் செல்லாது. அங்கே எண்ணற்ற பின்னங்கள் வரலாம்.

ஒன்றிலிருந்து ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை வரை எதையும் எடுக்கலாம் என்ற பொது ஆட்டத்தில், மூன்று பேருக்கு இட வரிசையின் சுழற்சி அந்த அதிகபட்சத்தின் இரு மடங்கோடு 1. திருப்பிய வரிசையின் சுழற்சி அதிகபட்சத்தோடு 2. இரண்டையும் தொகுத்தறிதல் முறையில் பத்து வரிகளில் நிறுவிவிடலாம், நீங்களே செய்து பாருங்கள். ஆட்கள் கூடினால் இட வரிசையில்: ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, அதிகபட்சத்தால் பெருக்கி, 1 கூட்டுங்கள். நான்கு பேர், ஒன்றோ இரண்டோ என்றால் 7. இரண்டு பேர் என்று போட்டால் பழைய 3 திரும்பக் கிடைக்கிறது. அது கிடைத்த நாளில் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

7. பல குவியல்கள்: இரண்டு பேர் சூத்திரத்தை இங்கே கொண்டுவராதீர்கள்

நிம் ஆட்டத்தில் பல குவியல்கள் இருக்கும். ஏதாவது ஒரு குவியலிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். இரண்டு பேருக்கு, குவியல்களை இரும எண்களாக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொரு நெடுவரிசையிலும் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையா என்று பார்ப்போம். எல்லா நெடுவரிசையும் இரட்டைப்படை என்றால் ஆடுபவர் தோற்பார். 1, 2, 3 என்ற குவியல்கள் அப்படிப்பட்டவை.

மூன்று பேருக்கு இட வரிசையில் இதேபோல் ஒரு விதி இருக்கிறது: ஒவ்வொரு நெடுவரிசையிலும் உள்ள ஒன்றுகள் 3-ஆல் மீதியின்றி வகுபட்டால், அப்போதுதான் ஆடுபவருக்குக் கடைசி இடம். ஆட்கள் எத்தனையோ அந்த எண்ணால் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 1, 2, 3 ஆடுபவருக்கு மோசமான நிலை இல்லை. அவர் 3-ஐ 1 ஆக்குகிறார், அடுத்தவர் 2-ஐ 1 ஆக்குகிறார், 1, 1, 1 என்ற நிலையில் மூன்றாமவர் மாட்டிக்கொள்கிறார். கடைசிக் கல் இரண்டாம் ஆளுக்கு, முதல் ஆளுக்கு இரண்டாம் இடம். இன்னொரு குவியலாக 3-ஐச் சேர்த்து 1, 2, 3, 3 என்று வைத்தால் இரண்டு நெடுவரிசையிலும் மூன்று மூன்று ஒன்றுகள். இப்போது ஆடுபவருக்குக் கடைசி இடம்தான்.

ஏன் 3? இதைப் புரிந்துகொண்டால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மோசமான நிலையில் இருப்பவர் ஒருமுறை ஆடுகிறார். அதற்குப் பிறகு அடுத்த இருவரும் ஆளுக்கொரு குவியலைத் தொட்டு மறுபடியும் அவரை மோசமான நிலைக்கே கொண்டுவந்துவிடலாம், அது அவர்கள் இருவருக்குமே லாபம். ஒரு முறைக்கு இரண்டு குவியல்கள் வரை தொடலாம் என்ற இரண்டு பேர் ஆட்டம்போல இது நடக்கிறது. அந்த ஆட்டத்துக்கு 3-ஆல் வகுக்கும் விதியைக் கணிதவியலாளர் மூர் 1910-இலேயே கொடுத்திருக்கிறார்.

மூன்றே குவியல்கள் என்றால் விதி இன்னும் எளிது: மூன்றும் சமமாக இருந்தால் மட்டுமே ஆடுபவருக்குக் கடைசி இடம். இதை நிரலுக்கான சோதனையாக வையுங்கள்.

இந்த அழகை அனுமானம் இல்லாத உலகத்துக்கு இழுத்துச் செல்ல முடியாது. 2, 2, 2 என்ற குவியல்களை எடுங்கள். இட வரிசையில் மூன்றாம் ஆள் முதலிடம் பெறுகிறார். ஆனால் மற்ற இருவரும் சேர்ந்தால்? முதல் ஆள் ஒரு குவியலை முழுதாக எடுக்கிறார், இரண்டாம் ஆள் அடுத்த குவியலில் ஒன்றை மட்டும் எடுக்கிறார், மீதி 2, 1. மூன்றாம் ஆள் என்ன செய்தாலும் கடைசிக் கல் அவருக்கு இல்லை. அதனால் நான்காம் படியின் கணக்கில் இது திறந்த நிலை. 'எதிராளி செய்வதையே நானும் செய்வேன்' என்ற பிரதிபலிப்பு உத்தியும் இப்படித்தான் உடைகிறது. நடுவில் இன்னொருவர் ஆடிவிடுகிறார்.

ஒவ்வொரு குவியலுக்கும் தனித்தனியாக ஓர் எண் கண்டுபிடித்துப் பிறகு சேர்த்துவிடலாம் என்ற வசதி இரண்டு பேர் ஆட்டத்தில் உண்டு. இங்கே பொதுவாக அந்த வசதியை நம்பாதீர்கள். எல்லாக் குவியல்களையும் சேர்த்து ஒரே நிலையாக வைத்துத்தான் அட்டவணை போட வேண்டும். செலவு ஏறுவதும் அதனால்தான்.

8. எவ்வளவு நேரம், எவ்வளவு நினைவகம்

ஒற்றைக் குவியலுக்குச் செலவே இல்லை. 1000 கற்கள், ஒரு முறைக்கு 10 வரை என்றால் ஏறத்தாழ 10,000 பார்வைகள். கண் இமைப்பதற்குள் முடியும்.

மூன்று குவியல்கள், ஒவ்வொன்றிலும் 100 வரை என்றால் 10,30,301 நிலைகள். 3, 7, 5 என்பதும் 7, 5, 3 என்பதும் ஒன்றே என்று ஏறுவரிசையில் அடுக்கி வைத்தால் 1,76,851 ஆகக் குறையும். இந்த ஒரு மாற்றத்தை முதல் நாளே செய்யுங்கள். நான்கு குவியல்களுக்கு 10,40,60,401 நிலைகள், அடுக்கினால் 45,98,126. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பைட் போதும் என்பதால் நினைவகம் தாராளமாகத் தாங்கும். நேரத்தைத் தின்பது வழிகளின் எண்ணிக்கை. ஒரே நிலையில் 400 வழிகள் வரை இருக்கலாம். நிரல் எழுதும்போது 10 வரை வைத்துச் சோதியுங்கள், எல்லாம் சரியான பிறகே 100-க்குப் போங்கள். நிகழ்தகவு அட்டவணை என்றால் ஒரு பைட் என்ற கணக்கு செல்லாது, பின்னங்களின் பகுதி வளர்ந்துகொண்டே போகும். அதற்குச் சின்ன எல்லை வையுங்கள்.

உங்கள் நேரத்துக்கு என் யோசனை: விதித்தாளுக்கு ஒரு மாலை முழுவதும், அவசரப்படாமல். கை அட்டவணைகள் இரண்டுக்கும் ஒரு மாலை. நிரலும் சரிபார்ப்பும் ஒரு விடுமுறை நாள். நிறுவலுக்கு ஒரு வாரம், தினமும் கொஞ்சமாக. பல குவியல்களை அதற்குப் பிறகு தொடுங்கள். நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தேன், முதலில் நிரல், கடைசியில் விதித்தாள்.

9. கோப்பில் இருக்க வேண்டியவை

விதித்தாள், கையால் போட்ட பத்து வரிகள், நிரல், அதன் சமநிலைப் பட்டியல், நிறுவல். ஒவ்வொரு அட்டவணையின் தலைப்பிலும் எந்த விருப்ப வரிசை என்று எழுதியிருக்க வேண்டும். தலைப்பில்லாத அட்டவணை ஒன்று என் நோட்டில் இன்னும் இருக்கிறது. அது எந்த விதிக்குப் போட்டது என்று கண்டுபிடிக்க மறுபடியும் முழுதாகப் போட வேண்டிவந்தது.

பயிற்சிக்கு, ஒன்றிலிருந்து மூன்று வரை எடுக்கும் மூன்று பேர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இட வரிசையில் உங்களுக்கு 0, 0, 0, 1, 1, 1, 2 என்று ஏழின் சுழற்சி வர வேண்டும். திருப்பிய வரிசையில் 0, 0, 0, 1, 2 என்று ஐந்தின் சுழற்சி. அனுமானம் இல்லாத அட்டவணையில் 4 அடுத்தவர் உறுதி, 5-இலிருந்து எல்லாம் திறந்த நிலை. இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டால் முதலில் முடிவுநிலையின் மதிப்பைப் பாருங்கள், அடுத்து சமநிலைப் பட்டியலை.